பதினோராவது ஆள்

தலைவருக்கு நெருங்கியவர்கள் தண்டனை பெற்றால், அவர்களைப் பற்றிய நினைவைத் தலைவரின் மூளையிலிருந்து அழிப்பது நர்ஸ் தமயந்தியின் வேலை. இன்று பதினோராவது ஆள், தலைவரின் சொந்தத் தம்பி. தொட்டில் காலம்வரை அழித்து முடிப்பதற்குள் அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

மாலையில் தலைவர் உண்மை அறியும் கருவியைக் கையில் கட்டிக்கொண்டு, "அந்த ஆள் யாருன்னே எனக்குத் தெரியாது" என்று பேட்டி கொடுத்தார். பச்சை விளக்கு எரிந்தது. மக்களுக்கு அது போதும்.

வாசலில் தம்பி மனைவி மாத்திரை டப்பாவோடு காத்திருந்தாள்.

"மாமா, அவரோட சுகர் மாத்திரைய ஜெயில்ல வாங்க மாட்டேங்கறாங்க."

தலைவர் கனிவாகக் கைகூப்பினார்.

"அழாதம்மா. வீட்டுக்காரர் பேரு, ஊரு எல்லாம் எழுதி மனுவா குடு. பாக்கலாம்."