தளைநார் பார்த்த மருமகள்

வாயில் மாவடுவை வைத்துக்கொண்டு சொர்ணாம்பாள் தற்செயலாக மேலே பார்த்தாள். பனை உச்சியில் முத்துமாலை இருந்தான்.

பாளை சீவிக்கொண்டிருந்தான். பார்த்தானா, பார்க்கவில்லையா, தெரியவில்லை. மாவடுவைத் துப்ப மனமில்லை, கடிக்கத் தைரியமில்லை.

பனை ஏறுகிறவர்கள் ஏறுமுன் அடிமரத்தில் நின்று ஒரு சத்தம் கொடுப்பார்கள். புறவாசலில் இருக்கிற பெண்கள் விலகிக்கொள்வதற்காக. அன்று சாயங்காலமும் கொடுத்திருப்பான். ஆனால் வாயில் மாவடு இருந்தால் சொர்ணாம்பாளுக்குக் காது கேட்காது.

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம். தாய் புளிப்புத் தின்றால் பால் குடிக்கிற பிள்ளைக்கு வயிறு உப்பி மாந்தம் வரும் என்பது மாமியார் பிரம்மநாயகி ஆச்சியின் சட்டம். வள்ளியூர் வட்டாரத்திலேயே பத்தியம் ஒழுங்காக நடக்கிற வீடு அதுதான் என்று பேர். மருமகள் கையில் சிக்கக்கூடாதென்று ஊறுகாய்ப் பரணியையே அடுக்களையிலிருந்து எடுத்து, புறவாசலில் வைக்கோல் படப்பின் இடுக்கில் ஒளித்து வைத்திருந்தாள் ஆச்சி. மருமகள் மறுநாளே கண்டுபிடித்துவிட்டாள்.

சொர்ணாம்பாள் பாளையங்கோட்டை கான்வென்டில் படித்தவள். ஆகையால் திருடுமுன் காந்திமதியம்மனிடம் ஒரு மன்னிப்பும், பழக்கதோஷத்தில் மாதாவிடம் ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொள்வாள். தின்றதும் உள்ளே ஓடிவந்து பிள்ளையின் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். பிள்ளை தும்மினால், 'சத்தியமாய் இனி இல்லை' என்பாள். அடுத்த நாள், ஆச்சி விளக்குக்குத் திரி திரிக்க உட்கார்ந்ததும், மறுபடி படப்பின் அடியில் நிற்பாள்.

எவ்வளவு தின்றும் பரணி குறையவில்லை. ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பங்கிட்ட கதையைக் கன்னியாஸ்திரீகள் சொன்னபோது அவள் நம்பியதில்லை. இப்போது நம்பினாள்.

ஆனால் முத்துமாலை வாயைத் திறந்துவிட்டால்? பிள்ளைக்கு என்றைக்கு வயிறு உப்பினாலும் பழி அவள் தலையில்தான். வாயைக் கட்டத் தெரியாமல் பெற்ற பிள்ளையைப் படுத்தியவள் என்று காலத்துக்கும் பேர் நிற்கும். அவன் இனி அந்தப் பனையில் ஏறக்கூடாது.

மறுநாள் காலை அவன் சத்தம் கொடுத்ததுதான் தாமதம், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"முத்துமாலை, அந்தத் தளைநாரைக் காட்டு."

இரண்டு காலையும் சேர்த்து மாட்டி மரத்தைக் கவ்வ உதவுகிற நார் வளையம் அது. அதைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். வாங்கித் திருப்பினாள். வெளிச்சத்தில் பிடித்தாள். ஏதாவது செய்யவேண்டுமே என்று முகர்ந்தும் பார்த்தாள்.

"இத்துப்போச்சு. இனிமே இங்க ஏறாதே. நீ விழுந்தா பாவம் எங்க வீட்டுக்கு."

முத்துமாலை முகம் செத்துவிட்டது. பாளையைச் சீவாமல் விட்டால் காய்ந்துபோகும். பதநீர் இல்லாவிட்டால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. பேச்சுக் கேட்டு ஆச்சி வந்தாள். அவள் நாரைப் பார்க்கவில்லை. மருமகளைத்தான் ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்ல நாரு ஆச்சி," என்றான் முத்துமாலை. "தெனமும் அடியில மாட்டி மிதிச்சுப் பாத்துட்டுத்தான ஏறுதேன்?"

"சரி, மிதிச்சுக் காட்டுலே."

மிதித்தான். தாங்கியது. சொர்ணாம்பாள் வேறு வழி தெரியாமல், இன்னும் பலமாக மிதிக்கச் சொன்னாள். அதற்கும் தாங்கியது. இன்னும் ஒரு தரம் என்றாள். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. எம்பிக் குதித்து ஒரு மிதி மிதித்தான்.

தளைநார் படீரென்று அறுந்தது. முத்துமாலை மண்ணில் உட்கார்ந்திருந்தான்.

மூன்று பேரும் பனையின் உச்சியை அண்ணாந்து பார்த்தார்கள். சொர்ணாம்பாள் நாக்கை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பொய் சொன்னால் நாக்கில் கொப்புளம் வரும் என்று கான்வென்டில் சொல்லியிருந்தார்கள். சொன்ன பொய் மெய்யாகிவிட்டால் என்ன வரும் என்று சொல்லவில்லை.

வந்தது புகழ்.

ஜார்ஜ் மன்னருக்கு முடிசூட்டிய செய்தி வந்த அன்றுகூட அந்த ஊரில் அவ்வளவு கூட்டம் கூடவில்லை. சுற்றுவட்டாரத்துப் பனையேறிகள் எல்லாம் தளைநாரும் கையுமாக வாசலில் நின்றார்கள். பிள்ளை பெற்றவள் தொட்டுப் பார்த்தால் நாரின் ஆயுசு தெரியுமாம். அவளும் ஒவ்வொன்றாக வாங்கி, நெற்றியைச் சுருக்கி, முகர்ந்து பார்த்தாள். நாற்றம் பொறுக்காததை எல்லாம் இத்துப்போனது என்று ஒதுக்கி, வேறு யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி வெட்டி அடுப்பில் போடச் சொன்னாள். பெண்கள் மகராசி என்று அவளுக்குத் திருஷ்டி கழித்தார்கள். அவள் வெட்கப்பட்டாள். அந்த வெட்கத்தைப் பணிவு என்றார்கள்.

கூட்டம் கலைந்ததும் முத்துமாலை வந்தான். தோளில் புதுத் தளைநார். கையில் ஓலைப் பட்டையில் நுங்கு. ஆச்சியும் மருமகளும் ஒன்றாக நின்றிருந்தார்கள்.

"தாயி, நீங்க என் உசிரக் காப்பாத்துனவுக. ஒங்ககிட்ட ஒண்ண மறைச்சா எனக்கு ஆகாது. மரத்து மேல இருந்தா, வேண்டாம்னாலும் கண்ணுல படுது. அந்தப் படப்பு இடுக்குல..."

சொர்ணாம்பாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். காந்திமதி, மாதா, யார் முதலில் வருகிறார்களோ வரட்டும்.

"...அந்தப் பரணிய தெனமும்..."

"நிறுத்துலே," என்றாள் ஆச்சி.

குரல் ஒரு மாதிரி இருந்தது. சொர்ணாம்பாள் கண்ணைத் திறந்தாள். ஆச்சி அவள் பக்கம் திரும்பவில்லை, பனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"நாளையிலருந்து ஏறுறதுக்கு முந்தி ரெண்டு சத்தம் குடு. மொதச் சத்தம், நான் பரணிய நெரப்பிட்டு உள்ள வர. ரெண்டாஞ் சத்தம், இவ தின்னுட்டு உள்ள வர."