பேச்சில் இல்லாத புஷ்

ஒரு மனிசனுடைய கழுத்துக்கு விலை ஆறு ரூபாய் என்றான் மெக்கானிக் முத்தலிபு.

"ஸ்பிரிங் ஓட்டையில செருகிற நாலு பித்தளைப் புஷ்ஷுக்கு ஆறு ரூபாயா? பட்டப்பகல் கொள்ளை!" என்று பாய்ந்தார் ஏறாவூர் பஸ் முதலாளி அகமதுலெவ்வை. "ஸ்பிரிங்கத்தான் என்ட பழைய பஸ்ஸில கழட்டித் தந்திட்டனே. அதில இருக்கிற புஷ்ஷுக்கு என்ன கேடு?"

"அது இருபத்தெட்டாம் ஆண்டு மொடல், இந்த பஸ் முப்பத்தாறு. இதுர ஸ்பிரிங் ஆணி மெல்லிசு, பழைய புஷ்ஷுக்குள்ள ஆடுது. ஓட்டமாவடி வளைவில வண்டி இழுத்தா, ஓட்டுறவன் ஆத்துக்குள்ளதான்."

"தகரத்தைச் சுத்தி அடி. நானா ஓட்டப் போறன்? குடுக்கிற சாமான்தானே!"

"குடுக்கிறதிலயும் கிள்ளிக் குடுக்கிற கை உங்கட கை."

"வாயப் பொத்து! பேசினது பஸ் ஒண்டு. புஷ்ஷைப் பற்றி ஆரும் பேசல்ல."

முத்தலிபு தகரத்தையும் கத்தரியையும் எடுத்தான்.

"சரி, அடிக்கிறன். வெள்ளிக்கிழமை கல்யாணம். நம்மட ஊர் வழக்கத்தில மாப்பிள்ளைதான் பொண்டாட்டி வீட்டுக்குக் குடி வாறவன். நீங்க குடுக்கிற சீதன பஸ்ஸோட என்ட மகன் உங்கட வளவுக்குத்தான் வாறான், சம்பந்தி. அவன் பஸ்ஸ ஓட்டக்குள்ள பக்கத்தில குந்தப் போறது உங்கட மகள்."

அகமதுலெவ்வை தகரத்தைப் பிடுங்கி வீதியில் எறிந்தார்.

"புதுசையே போட்டுத் தொலை!"

புஷ்ஷை அடித்து இறுக்கியபடி முத்தலிபு கணக்கை முடித்தான்: முதலாளி வீட்டுக்கு வரவு, பஸ் ஒன்று, மருமகன் ஒன்று. முத்தலிபு வீட்டில் செலவு, மகன் ஒன்று.