உயரத்துக்கு ஏத்த எடை

ஒரு அகப்பைச் சோற்றோடு அம்மா பானையை மூடிவிட்டாள். "போதும்லா. இன்னும் மூணு கிலோ இறங்கணும்."

தர்ஷினி தட்டை வழித்துச் சாப்பிட்டாள். விடிந்தால் செம்பனைக் காட்டுப் பாதையில் அம்மா அவளை முன்னே விட்டு ஓட்டிக்கொண்டு போவாள். தோட்டத்து லய வீட்டுப் பெண்கள் விடுவார்களா?

"நல்லா இளைச்சிட்டியே! மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?"

அம்மா சிரித்தே மழுப்புவாள்.

எடை இறங்கிவிடக் கூடாதே என்று, கோலா சிலாங்கூர் பஸ்ஸில் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை ஒளித்துத் தின்றாள் தர்ஷினி. யார் போட்டுக் கொடுத்தார்களோ, மறுநாளே அவளுடைய பர்ஸ் அம்மாவின் கைக்குப் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எடை பார்த்தார். "பி.எம்.ஐ. சரியா வந்திருச்சு. உங்களுக்குச் சம்மதந்தானே?"

"அவளுக்கு என்ன, சம்மதந்தான்," என்றாள் அம்மா.

"அவங்க சொல்லட்டும்மா."

எதிரே அண்ணன் லோகன். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி வீங்கிப்போன கையால் கண்ணைத் துடைத்தான். "இஷ்டமில்லேன்னா வேணாம் தங்கச்சி."

அம்மா அவள் தோளில் கை வைத்தாள்.

"சம்மதம்," என்றாள் தர்ஷினி. "எந்தப் பக்கத்துக் கிட்னியை எடுப்பீங்க, டாக்டர்?"