இடம் மாறிய மச்சம்

பிரசவத்துக்குப் பின் ரத்த அழுத்தம் ஏறி, மூளையின் பின்பக்கம் வீங்கியதில் கனிமலருக்குப் பார்வை போய்விட்டது. வீக்கம் வடிந்தால் பார்வை திரும்பிவிடும் என்றார் டாக்டர். அதுவரை எதிரே இருப்பதைச் சொல்ல, அவள் காதில் ஒரு கருவியை மாட்டிவிட்டார்கள்.

"குழந்தையின் இடது கன்னத்தில் பெரிய மச்சம்," என்றது அது. மறுநாள், "மச்சம் வலது கன்னத்துக்கு நகர்ந்துள்ளது. உடனே மருத்துவரை அழைக்கவும்," என்று அலறியது.

கனிமலர் பதறிப்போய்க் கணவன் செழியனிடம் சொன்னாள்.

"அட, அது எங்கம்மா வச்ச திருஷ்டிப் பொட்டு! அந்த முட்டாளுக்கு என்ன தெரியும்?"

சிரிக்கப் போனவள் அழுதுவிட்டாள். பெற்ற பிள்ளையின் முகத்தை அந்த முட்டாள் சொல்லித்தானே அவள் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நான்காம் நாள் காலையில் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், "பொட்டு கோணலா இருக்குங்க. மூக்குல வேற ஈஷியிருக்கு," என்றாள்.

"பரவாயில்லையே, பொட்டுன்னு ஒருவழியா கத்துக்கிச்சா?" என்று சிரித்தபடி திரும்பிய செழியன் அப்படியே நின்றுவிட்டான்.

காதுக் கருவி ஜன்னலோரம் சார்ஜில் கிடந்தது.