கொலுசுத் தடம்

சிறுநீரகம் பழுதான நாளிலிருந்து அல்லி இளைத்துக்கொண்டே போனாள். நடந்தால் கொலுசு நழுவிக் குதிகாலில் இறங்கிவிடும். அது இந்த மாதம் கணுக்காலில் இறுகி நின்றதைப் பார்த்ததும் அவள் கணவன் மாசிலாமணிக்கு மகிழ்ச்சி தாளவில்லை.

"நம்ம கஞ்சி வேலை செய்யுது பாத்தியா? இனி உன்னத் தூக்க ரெண்டு ஆளு வேணும்டி."

அவள் சிரித்தாள். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது. இப்போதெல்லாம் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்துதான் தூங்கினாள். பலவீனம் என்று நினைத்து அவன் இன்னொரு டம்ளர் கஞ்சி ஆற்றினான்.

மருத்துவமனையில் நர்ஸ் அவள் காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். விழுந்த குழி எழும்பவில்லை.

"சதைன்னு நெனச்சீங்களாண்ணே? அத்தனையும் தண்ணி. கிட்னி வெளிய தள்ளல, இதயம் தாங்க முடியாமத் திணறுது. அளந்து குடுக்கச் சொன்னோமே?"

"தண்ணிய அளந்துதாம்மா குடுத்தேன். கஞ்சி சாப்பாடுதானே?"

நர்ஸ் கொலுசைக் கழற்றச் சொல்லிவிட்டு மருத்துவரை அழைக்க ஓடினாள்.

திருகாணி அசையவில்லை. மாசிலாமணி குனிந்து பல்லால் கடித்துத் திருகினான்.

"ஐயோ, கால்ல போயி வாய வெக்கிறீங்களே," என்று அல்லி கூச்சத்தோடு காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். இழுக்கத் தெம்பில்லை.

கொலுசு கையோடு வந்துவிட்டது. அதன் மணிகள் ஒவ்வொன்றும் பதிந்த தடம் கணுக்காலைச் சுற்றி அப்படியே இருந்தது. அவன் தரையில் உட்கார்ந்து, ஒரு மணியின் தடமாவது எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.