மனுவின் மூன்றாவது பத்தி

"வேண்டாம்! வேண்டாம்!" என்று கூடமே அதிர்ந்தபோது சாப்பாட்டுக்கடை அக்காவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

இருநூறு பேராவது இருப்பார்கள். நாற்காலி கிடைக்காதவர்கள் ஜன்னல் திண்டில் தொற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லார் கையிலும் அட்டை. எல்லா அட்டையிலும் 'அக்கா கடையைக் காப்போம்' என்று கொட்டை எழுத்து.

ஐம்பத்திரண்டு வருஷத்தில் அவளுக்காக யாரும் கை தட்டியதுகூடக் கிடையாது. இன்றைக்குத் தெருவே திரண்டு வந்திருக்கிறது. யாருக்குத்தான் தலைகால் புரியும்?

அவளுடைய ஐந்து மேஜைக் கடைக்கு நேர் எதிரே ஒரு பெரிய பர்கர் கம்பெனி இரண்டு மாடிக்குக் கடை கட்டி முடித்துவிட்டது. ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் கம்பெனி. இனி அனுமதி ஒன்றுதான் பாக்கி. தெருக்காரர்களிடம் கருத்துக் கேட்க வந்திருக்கும் அதிகாரி இன்று கையெழுத்துப் போட்டால் நாளை கடை திறந்துவிடும். அது திறந்தால் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

மேடையில் அதிகாரி. அவருக்கு வலப்பக்கம் கம்பெனி ஆட்கள் நாலு பேர். அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எதிராளி முகத்தை ஏன் பார்க்கவேண்டும் என்ற பிடிவாதம்.

தையல்காரர் எழுந்து மனுவை வாசித்தார். எழுதியதும் அவர்தான். முதல் பத்தியில் வாகன நெரிசல். இரண்டாவதில் குப்பை. மூன்றாவதில்தான் மனிதர் கொஞ்சம் புகுந்து விளையாடிவிட்டார்.

"இத்தெருவின் முந்நூறு குடும்பங்களும் அன்றாடம் அக்காவின் கடையிலேயே உண்டு உயிர் வாழ்கின்றன!"

விசில் பறந்தது. கைதட்டல் ஓயவே இல்லை. ஜெயித்தாகிவிட்டது என்றே அக்கா முடிவு கட்டிவிட்டாள்.

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பத்தியை இன்னொரு தடவை தனக்குள் படித்தார்.

"ரொம்ப சந்தோஷம். அப்போ நேத்து இந்தம்மா கடையில சாப்பிட்டவங்க மட்டும் கை தூக்குங்க, பதிவு பண்ணிக்கிறேன்."

ஒரு கையும் எழவில்லை.

மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். ஜன்னலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். நேற்று வயிறு சரியில்லை என்று ஒரு குரல் பொத்தாம்பொதுவாக முனகியது.

"சரி, இந்த வாரத்துல?"

தையல்காரர் தாளின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். கடைக்காரிக்குத் தெரியாததா? நாலு மேஜை காலியாகக் கிடந்து எத்தனை மாதம் ஆகிறது! கூட்டத்தைக் கண்ட குஷியில் மறந்துபோயிருந்தாள். இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"நான் சாப்பிட்டேன் சார். நேத்து மட்டும் இல்ல, ரெண்டு மாசமா தினமும் அங்கதான்."

குரல் மேடையின் வலப்பக்கத்திலிருந்து வந்தது.

கூடம் முழுக்க அங்கே திரும்பியது. கம்பெனி ஆட்களில் ஒருவன் கையைத் தூக்கியிருந்தான். பக்கத்தில் இருந்த மேலாளர் அவன் முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். கை இறங்கவில்லை.

அக்கா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். இருநூறு பேர் கத்தியபோதுகூட வராத சந்தோஷம்.

கடைசி மேஜைக்காரன்! தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, நன்றாயிருந்தது என்று அடுப்படி வரை வந்து சொல்லிவிட்டுப் போகிறவன். எவ்வளவு வெயில் அடித்தாலும் கழுத்துவரை ஜிப் போட்ட ஜாக்கெட்டோடுதான் வருவான். பாவம், தீராத ஜலதோஷம் போலிருக்கிறது என்று நினைத்து, அவன் சூப்பில் மட்டும் மிளகைக் கொஞ்சம் தூக்கலாகவே போட்டுவந்தாள்.

இன்று ஜாக்கெட் இல்லை. கம்பெனிப் பெயர் போட்ட சிவப்புச் சட்டை மட்டும் இருந்தது.