பதினொரு ஜன்னல்

“இந்த மண்ணில் கூரையில்லாமல் உறங்கும் கடைசி மனிதன் இருக்கும்வரை எங்கள் அறக்கட்டளைக்கு உறக்கமில்லை.”

ஆண்டறிக்கையின் முதல் வரியைச் சொல்லி முடித்தபோது தலைவர் சிவனணைந்தபெருமாளின் வழுக்கையில் ஒரு சொட்டு விழுந்தது. தென்காசியில் சாரல் தொடங்கி மூன்று நாள். அலுவலகக் கூரை ஒழுகியது. அவர் நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஏழைகளுக்கு வட்டியில்லாமல் வீட்டுக்கடன் கொடுப்பதற்காகவே ‘நிழல்’ அறக்கட்டளையைத் தொடங்கியிருந்தார். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். ஜாமீனாகச் சொந்தக் கான்கிரீட் வீட்டின் பத்திரம் வேண்டும்.

மேலகரத்தில் கட்டிமுடித்த பதினொரு வீடுகளின் படங்கள் அன்று மாலைக்குள் சென்னை நன்கொடையாளர்களுக்குப் போயாக வேண்டும். போனால்தான் அடுத்து ஒரு சமுதாயக்கூடம் கட்டப் பணம் வரும். அதன் கல்வெட்டில் தம் பெயர் எவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கவேண்டும் என்பதுவரை முடிவு செய்திருந்தார்.

கள அலுவலர் ஜோயல் எடுத்திருந்த படங்களைத் தலைவர் மேசையில் பரப்பினார். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த பச்சை வீடுகள். வாசலில் ஒரு குடும்பம், கையில் பெயர் எழுதிய அட்டை. குற்றாலீஸ்வரன் குடும்பம், ஹாஜரா பீவி குடும்பம் என்று வரிசையாக. ஒவ்வொரு வீட்டோரமும் ஒரு பப்பாளி மரம்.

“பசுமையும் பேணுகிறோம்னு ஒரு வரி சேத்துக்கோம்மா,” என்றார், தட்டச்சு செய்துகொண்டிருந்த உமாராணியிடம்.

நாலாவது படத்தில்தான் கவனித்தார். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒரு பெண்முகம். இடது புருவத்தில் தழும்பு.

மூன்றாவது படத்தை மறுபடி எடுத்தார். அங்கேயும் அதே முகம். ஏழாவதிலும், ஒன்பதாவதிலும், பதினொன்றிலும் அவள்தான் நின்றாள். ஒன்றில்கூடச் சிரிக்கவில்லை.

தங்கபுஷ்பம்.

மேலகரத்தில் பீடி சுற்றுகிறவள். போன வருஷம் ஏழு தடவை இதே மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். “மண் சுவரு சார், அடுத்த மழைக்குத் தாங்காது,” என்றாள். பத்திரம் கேட்டதற்கு, “கான்கிரீட் வீடு இருந்தா நான் ஏன் சார் இங்கன வந்து நிக்கேன்?” என்றாள். மனுவில் ‘தகுதியில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் பேப்பரில் வந்தது, மேலகரத்தில் மண்சுவர் இடிந்து பெண் பலி என்று. பெயரைப் படிக்காமல் பக்கத்தைப் புரட்டிவிட்டார். அதிலிருந்து மழைச்சத்தம் கேட்டாலே வீட்டில் டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வார்.

“உமா, இந்த ஜன்னல்ல யாராவது தெரியுதாவளா?”

“ஒரு பொம்பள நிக்கா சார்.” அவள் மற்ற படங்களையும் பார்த்தாள். “எல்லாத்துலயும் நிக்கா! சார், நான் வீடு வரைக்கும் போயிட்டு வாரேன்.” பையை எடுத்தாள், போய்விட்டாள்.

ஜோயலைக் கூப்பிட்டு, “வண்டிய எடும், மேலகரம் போணும்,” என்றார். ஜோயலின் முகம் வெளுத்தது. “இன்னைக்கு வேண்டாம் சார், மழையா இருக்கு.”

இவனும் அவளைப் பார்த்திருக்கிறான் என்று தலைவருக்குப் புரிந்தது. நெற்றி நிறையத் திருநீறு பூசினார். சட்டைப்பையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டார்.

கடைசித் தெருவில் கார் நின்றது. பச்சை வீடு, பப்பாளி மரம். ஜன்னலில் அந்த முகம்.

சிவனணைந்தபெருமாள் மழையிலேயே இறங்கிக் கைகூப்பினார். “அம்மா, தெரியாமச் செஞ்சுட்டேன். ஒனக்கு என்ன வேணும்னாலும் செய்யுதேன். நான் பிள்ளகுட்டிக்காரன், விட்டுரு.”

“யாரு, ட்ரஸ்ட் சாரா? நனையாதிய, உள்ள வாங்க.”

கதவு திறந்தது. இடுப்பில் பீடித்தட்டு இருந்தது. கால்கள் தரையில் பதிந்திருந்தன. அவர் இரண்டு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

“சுவரு விழுந்து செத்தது நீ இல்லையா?”

“அது பக்கத்து வீட்டு இசக்கி சார். பாவம், அவளுக்கு ரெண்டு பிள்ளைய.”

“நல்லவேளை!” என்றார் தலைவர், மனம் நிறைந்து. பயம் போனதும் குரல் திரும்பியது. “பதினோரு வீட்டு ஜன்னல்லயும் நீ எதுக்குப் போயி நிக்க?”

“பதினோரு வீடா? நான் இந்த ஒரு ஜன்னல்லதான் சார் நின்னேன். இந்த அண்ணாச்சிதான் வாரத்துக்கு ஒரு குடும்பத்தக் கூட்டியாந்து, வாசல்ல நிப்பாட்டிப் போட்டோ எடுத்தாவ.”

தலைவர் திரும்பினார். ஜோயல் பப்பாளி மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நீங்க கேட்ட ஜாமீனுக்கு ஒரு ஆளும் தேறல சார். நீங்களோ மார்ச்சுக்குள்ள பதினோரு வீடு வேணும்னுட்டிய. பணம் அப்படியே பேங்க்லதான் கெடக்கு.”

மழை வலுத்தது. திருநீறு கரைந்து கண்ணில் இறங்கியது. அதைத் துடைத்துவிட்டு, சுவரைத் தட்டிப்பார்த்தார். கெட்டிச் சுவர்தான். நிமிர்ந்து நின்றார்.

“போட்டும். நம்ம அறக்கட்டளை ஒரு வீடாவது கட்டியிருக்குல்லா?”

“இது எங்க மகளிர் குழுக் கடன்ல கட்டுனது சார்,” என்றாள் தங்கபுஷ்பம்.